பொது இடம்

ஓவர்லாக்குக்கு விதையெடுத்த அன்றே சொன்னார்
தாராபுரம் ரோட்டு டாக்டர்:
"வேகம் அடங்க நாப்பது நாளாவுமுங்க."

அதுவரை கம்பிவலை.
அவன் படுத்த பனியன் வேஸ்ட்டை மொச்சைக்கும்
அவள் நனைத்ததை அவனுக்கும்
ஷிப்டு முடிந்து வந்து மாற்றிப் போட்டேன்.

சேர்த்துவிட, இரண்டும் மோந்திராத இடம் வேண்டுமாம்.
திருப்பூரில், பத்துக்குப் பத்து லைன் வீட்டில் ஏது?
நாலு குடித்தனத்துக்கும் பொதுவான குளியலறையில்
தாழிட்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் ரோமம் பறந்தது.
அப்புறம் ஆளுக்கொரு மூலை, முதுகு காட்டி.

இன்று
மொச்சை தலையைத் தாழ்த்தி
அவன் தாடைக்கடியில் நுழைந்தாள்.
அசையவில்லை அவன்.
வாளியில் சொட்டு விழும் சத்தம்.
பிறகு ஒரே ஒரு காதை நக்கினான்.

"உள்ள யாருங்க, எத்தன நேரம்?"

இருங்க பூவாத்தாக்கா,
இன்னொரு காது இருக்குது.