நான்கு மணி நேரம்

வால்டிவியாவில் ஜூன் முழுக்க மழை.
விறகு ஈரம், சுவர் ஈரம்,
சாவித் துவாரத்துக்குள்ளும் ஈரம்.
எங்களுக்கு ஒரே மடிக்கணினி.
திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரி:
மேலே என் லினக்ஸ்,
கீழே அன்செல்மோவின் விண்டோஸ்.
பத்து வினாடிக்குள் யாரென்று சொல்லிவிட வேண்டும்.

அவன் பக்கம் விறகுக் கணக்கு,
யார் வீட்டுக்கு எத்தனை மீட்டர், யார் இன்னும் தரவில்லை.
என் பக்கம் ஆற்றின் உப்பு:
ஏழு நிலையங்கள், பதினோராண்டு அளவுகள்,
முடிகிறேன் முடிகிறேன் என்கிற ஓர் ஆய்வேடு.

இரண்டு பக்கமும் விழுந்தது.
அவனுக்கு நீலத் திரையும் ஒரு சோக முகமும்.
எனக்கு அதுகூட இல்லை;
சுட்டி உறைந்து நிற்க
விசிறி மட்டும் இரையும்.

உன் பென்குயின்தான் என் வட்டைக் கொத்துகிறது என்றான்.
உன் அப்டேட்தான் என்னைக் கெடுக்கிறது என்றேன்.
டிரைவரை மாற்றினேன். பழைய கெர்னலுக்குத் திரும்பினேன்.
அவன் பக்கத்தில் நுழைந்து வேகத் தொடக்கத்தை அணைத்தேன்,
சொல்லவில்லை.
அவன் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
தன்னுடையதை மறுபடி நிறுவினான்.
அது என் தொடக்கப் பட்டியலைத் தின்றுவிட்டது.
மன்னிப்புக்கு ரொட்டி வாங்கி வந்தான்.
மூன்று நாள் நன்றாக இருந்தது.

பிறகு பதிவுகளைத் தாளில் எழுதினேன்.
என்னுடையவை மாலை ஏழு, ஏழேகால், ஏழு இருபது.
அவனுடையவை இரவு பதினொன்று, பதினொன்றேகால்.
இரண்டு நோய் என்றே நம்பினேன், வியாழன் வரை.
வியாழன் இரவு பதினொன்று பத்துக்கு
விழுந்ததாக எழுதியிருக்கிறது விண்டோஸ்.
அந்நேரம் அவன் என் பக்கத்தில்
வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தான்.
கணினி மூடிக் கிடந்தது.

கடிகாரம்.
உள்ளே இருக்கும் ஒரே கடிகாரத்தை
நான் கிரீன்விச் என்று படிக்கிறேன்,
அவன் வால்டிவியா என்று படிக்கிறான்.
கேட்டால், அது தப்பென்று எப்போதோ தெரியுமாம்,
சுவரைப் பார்த்துக்கொள்வானாம்.
நான்கைக் கழித்தேன்.
எல்லாம் ஏழில் வந்து உட்கார்ந்தன.

ஏழு மணி என்றால் எங்கள் வீட்டில் அடுப்பு.
விற்காமல் அவன் ஒதுக்கிவைத்த காய்ந்த கட்டைகள்.
மேசையை அதனருகே இழுத்துப் போட்டது நாங்கள்தான்,
மே மாதக் குளிரில், ஆளுக்கொரு முனை பிடித்து.

அன்றிரவு இரண்டையும் எழுப்பாமல்
நினைவகச் சோதனையை மட்டும் ஓட்டினேன்,
அடுப்பில் இன்னொரு கட்டை செருகி.
மூன்றாம் சுற்றில் சிவப்பு.
ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் சுழியம்.
சூடேறினால் மறந்துவிடும் ஒரே ஒரு பிட்.

போர்வையோடு வந்து நின்றான்.
"யாருடையது, இஸ்மேனியா?"

நான் திருகுகளைக் கழற்ற, அவன் டார்ச் பிடித்தான்.
விரல் நீளப் பச்சைத் தகடு.
அழிப்பானால் பல்லைத் தேய்த்து மாட்டிப் பார்த்தேன்,
மறுபடி சிவப்பு.

இப்போது பாதி நினைவில் ஓடுகிறது, விழாமல்,
ஆற்றுக்கும் விறகுக்கும் ஒரேபோல் மெதுவாக.
அவன் கடிகாரத்தைத் திருத்த ஒரு வரி போதும்.
வேண்டாம் என்கிறான்.
பதினொன்று என்றால் ஏழு,
பழகிவிட்டதாம்.