பதினோரு சுற்று

பணகுடிக்குத் தெற்கே
எண்பத்தேழாம் நம்பர் காற்றாடிக்கு இரவுக் காவல் நான்.
தலைக்கு மேலே போகிற கம்பியில் ஊருக்கெல்லாம் கரண்டு.
கீழே என் தகரக் கொட்டகையில்
ஒரு பல்புக்கு வழியில்லை.
காண்ட்ராக்டர் பில் கட்டவில்லை,
பியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், சித்திரையில்.
இப்போது ஆடி.

மணிக்கு ஒரு தடவை ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும்.
இருட்டில் போட்டவை
கோட்டை விட்டு இறங்கி
அடுத்த தேதிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.
"இது ஒம்ம கையெழுத்தாவே?" என்றார் சூப்பர்வைசர் தங்கப்பழம்.
"காத்துல ஆடியிருக்கும்" என்றேன்.

செத்த சி.எஃப்.எல். ஒன்றின் அடிமூடியை நெம்பியதில்
ஒரு கறுப்பு வளையம் கிடைத்தது,
உளுந்தவடைக்குப் பேரன் மாதிரி.
சிகரெட் லைட்டரின் மூக்கிலிருந்து வெள்ளை எல்.இ.டி.
பழைய சார்ஜரிலிருந்து டிரான்சிஸ்டர், மூன்று கால்.
பழுப்பு கறுப்பு சிவப்புக் கோடு போட்ட ரெசிஸ்டர்.
கம்பிக்கு வள்ளியூர், மோட்சராக்கினி வைண்டிங் ஒர்க்ஸ்.
கருகிய மோட்டார் ஒன்றைக் குடலெடுத்துக்கொண்டிருந்தாள்.
"எவ்வளவு வேணும்?"
"ரெண்டு முழம்."
"பூவா வாங்க வந்தீரு?"

இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்து
பதினோரு சுற்று.
ஒன்றன் தலையை மற்றதன் வாலோடு முறுக்கினேன்.
ஆபீஸ் கடிகாரம் நாலு இருபதில் நின்றபோது
கழற்றிப் போட்ட செல்லை வைத்தேன்.

எரியவில்லை.

தலையை வாலாக்கினேன், வாலைத் தலையாக்கினேன்.
பன்னிரண்டு மணிக் கையெழுத்து தவறிப்போனது.
மறுநாள் போன் போட்டால்
பின்னால் ஏதோ மோட்டார் உறும, கேட்டாள்:
"எனாமலச் சொரண்டினீரா?"
நான் பேசவில்லை.
"வாழப்பழத்தத் தோலோட தின்னுட்டு
ருசியில்லங்கீரு."

பிளேடால் நுனிகளைச் சுரண்டினேன்.
உள்ளே தாமிரம் புதுசாகச் சிவந்திருந்தது.

செல்லில் மிச்சம் முக்கால் வோல்ட்டுக்கும் குறைவு.
இந்த வெள்ளை விளக்கு மூன்று கேட்கிற சாதி.
எப்படி ஏறுகிறது என்றால்,
வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் காலில்
ஓடுகிற தண்ணீருக்கு மடையைப் பட்டென்று அடைத்துப் பாருங்கள்,
நிற்க மனசில்லாமல்
கரைக்கு மேல் ஒரு முழம் எழும்பும்.
அதைத்தான் இந்த வளையம் செய்கிறது,
விடுவதும் அடைப்பதும்,
கண் சிமிட்டுவதற்குள் ஆயிரம் தடவை.
நானோ
நின்று எரிவதாக நினைத்து
அதன் கீழே கடலை உரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூல் திருடன் என்று இதற்குப் பெயராம்.
காவல்காரன் கொட்டகையில்!

மூன்றாம் இரவு தங்கப்பழம் பைக்கை அணைத்துவிட்டு நடந்தே வந்தார்.
"எங்கனயிருந்துவே கரண்டு இழுக்கீரு?"
டார்ச்சை அடித்துக் கம்பியைத் தொடர்ந்தார்.
கட்டிலுக்குக் கீழே, தகரத்துக்குப் பின்னே,
காற்றாடியின் தூர் வரைக்கும் போய்த் தடவிப் பார்த்தார்.
திரும்பி வந்து
பெருவிரல் தண்டி செல்லைக் கையில் எடுத்தார்.
விளக்கு அணைந்தது. வைத்தார். எரிந்தது.
எடுத்தார்.
வைத்தார்.
"எதுக்கும் எழுதிக் கொடுத்திரும்."

கம்பெனி மின்சாரம் எதையும் நான் எடுக்கவில்லை என்று
அந்த வெளிச்சத்திலேயே எழுதினேன்.
ஒரு எழுத்தும் கோட்டை விட்டு இறங்கவில்லை.

ஒரு தொந்தரவு உண்டு.
இது எரிகையில் ரேடியோவில் செய்தி கேட்க முடியாது, ஒரே இரைச்சல்.
எதிர்க் கொட்டகை நாய் வேறு
எனக்குக் கேட்காத ஏதோ ஒன்றுக்கு
காதைத் திருப்பித் திருப்பி வைக்கிறது.

ஒன்பதாம் இரவு வெளிச்சம் மெலிந்தது.
முதலில் கோடு மறைந்தது, பிறகு தேதி,
கடைசியில் என் விரல்.
மேலே இறக்கை சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஆபீஸில் இன்னும் இரண்டு கடிகாரம் ஓடுகின்றன.
சம்பளம் வாங்கப் போகும்போதெல்லாம்
நொடிமுள் தடுமாறுகிறதா என்று
நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.