நிலை: இறந்தது

ஹாமில்டன் சந்தையில் புதன்கிழமை.
தகரக் கூரையில் மழை. பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்கவில்லை.
இரும்புச் சந்துக்குள் செம்மறிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வர
என் கையிலிருக்கும் ஸ்கேனர்
காதுக்கு ஒரு தரம் கூவுகிறது.

ஆரஞ்சு வில்லை, இருபத்திரண்டில் பிறந்தவை.
வெளிர்பச்சை, அதற்கடுத்த வருடம்.
இளஞ்சிவப்பு என்றால்
எங்கோ பிறந்து கைமாறி வந்தது.
அதைத் தோடு என்றுதான்
எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

நானூற்றுப் பன்னிரண்டு வரை பச்சை விளக்கு.
அடுத்ததில் திரை சிவந்தது.

நிலை: இறந்தது.
மே பதினான்கு. கோலாக் வெட்டுக்கூடம்.
உரித்த எடை இருபத்துநான்கு கிலோ.

இறந்தவள் அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.
மூக்கில் சளி, முன்னங்கால் ரோமத்தில் முள்.
என் முழங்காலை ஒருமுறை இடித்தாள், வழி விடச் சொல்லி.
மறுபடி கோலை வைத்தேன்.
மறுபடி செத்தாள்.

"என்ன அங்கே?" என்று கத்தினார் ஏஜென்ட் நெவில் ட்ரெஸிடர்.
"இந்த அம்மா காலமாகிவிட்டார்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பின்னால் இன்னும் முந்நூறு உருப்படி நின்றன.
"தனிப்பட்டியில் தள்ளு."

சாப்பாட்டு நேரம் முழுக்கத் தொலைபேசி.
பண்ணைக்காரி மார்னி ஹாலரன் சொன்னாள்:
லாரி ஏறியவை அறுபத்தொன்று,
நானே வாசலில் நின்று எண்ணினேன்.
வெட்டுக்கூடத்துக்காரன் சொன்னான்:
இறங்கியவை அறுபத்தொன்று,
கொக்கியில் தொங்கியவை அறுபத்தொன்று.
இரண்டு பக்கமும் கணக்கு சரி.
சரியாக இருந்ததுதான் தொல்லை.

அப்படியானால்
இவள் எண்ணில் தொங்கியது யார்?

மூன்று மணிக்குப் பிடி கிடைத்தது.
அன்றைக்கு ஒன்றின் காது வேலிக்கம்பியில் கிழிந்திருந்தது.
கீறல் விழுந்த வில்லையை மெஷின் வாசிக்கவில்லை.
யாரோ ஒரு பையன், ரப்பர் கையுறையோடு,
எண்ணைக் கையால் தட்டியிருக்கிறான்.
ஏழுக்குப் பதில் ஒன்று.

ஏழில் முடிகிறவள்
மார்னியின் மேற்குக் காட்டில் இன்னும் மேய்கிறாள், பதிவில்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இங்கே கறி எப்போதோ தீர்ந்துவிட்டது,
சுரைக்காய் மட்டும் ஏட்டில் காய்த்துக்கொண்டிருக்கிறது.

சம்பளச் சீட்டில் நான் மிஸ் மாசிலாமணி.
குடும்பப்பெயர் என்ற கட்டத்தை
எதையாவது போட்டு நிரப்ப வேண்டியிருந்தது.
அப்பா போய் ஒன்பது வருடம்.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை
தவறாமல் கூலி வாங்குகிறார்.

உயிர்ப்பிக்க ஒரு படிவம் இருக்கிறது.
இரண்டு பக்கம். சாட்சிக் கையெழுத்து நெவிலுடையது.
'மாற்றத்துக்கான காரணம்' என்ற இடத்தில்
வெகுநேரம் பேனாவைக் கடித்தேன்.
அதிகாரிகளுக்கு எழுதும் ஆங்கிலம்
எனக்கு நன்றாகவே வரும்;
இதற்கு வரவில்லை.
கடைசியில் எழுதியது:
நேரில் பார்த்தேன். நிற்கிறாள்.

நாலரைக்குத் திரை பச்சையானது.
நிலை: உயிரோடு.

உயிரோடு இருந்தால் விற்கலாம்.
விற்றோம். நூற்றுப் பதினெட்டு டாலர்.
மற்றவற்றோடு சேர்த்து வாங்கியது
அதே கோலாக் கூடத்தின் ஆள்,
அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.
"ஒன்று ஈரமாக இருக்கிறதே" என்றார்.
நாள் முழுக்கக் கூரையில்லாத பட்டியில் நின்றவள் அல்லவா.

லாரிப் பலகையில் ஏறுமுன் கடைசியாகக் கோலை வைத்தேன்.
கூவியது.
தோட்டைச் சுற்றிச் சின்னதாக ஒரு பழைய வடு, ஆறியது.
காதை ஒரு உதறு உதறினாள்.
என் கண்ணாடி முழுக்க மழை.
துடைத்துப் பார்ப்பதற்குள்
எது அவள் என்று தெரியவில்லை,
பின்கதவைத் தாழிட்டுவிட்டார்கள்.