ஊதிக் காட்டு

குடித்தால்தான் எனக்கு 'ஓம்' வரும்.
தெளிவாக இருந்தால் 'ஆமாங்க.'
மண்டபம் முகாமுக்கு வந்த பதினோராம் வயதில்
பள்ளிக்கூட வாசலில் கழற்றிவைத்த பேச்சு.
குவார்ட்டர் பாதி இறங்கியதும்
தானே வந்து நாக்கில் உட்காரும்.
'சரியான குளிர், என்ன?' என்று
சுவரிடம் கேட்பேன்.

அந்தப் பேச்சும் முழுதாக என்னுடையதில்லை.
மாத்தளையில் கொழுந்து பறித்தவர்கள் நாங்கள்.
எழுபத்தேழில் அடித்துத் துரத்த
தலைமன்னாரில் ஓலைக் கொட்டில்; அங்கே பிறந்தேன்.
தொண்ணூறில் இங்கே.
பூட்டனைத் தேயிலைக்கு ஏற்றி அனுப்பியதும்
இதே மண்டபம்தான் என்பார்கள்.
அவருக்கும் வரிசை, அவருக்கும் அட்டை.

அடுத்த வரிசை வீட்டுக்காரி
குடத்தைத் தள்ளிவைத்துவிட்டு
தோட்டக்காட்டாள் என்பாள்.
கடற்கரையில் சிலோன்காரி.
கடைக்கு அனுப்பும் பையனுக்கு மட்டும் அக்கா,
பாட்டிலுக்கு மேலே இருபது ரூபாய்.

பாசிக்குப் போனபோது பழகியது.
அமாவாசையை ஒட்டி ஆறு நாள்,
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்.
விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டு கட்டி,
சேலைக்கு மேல் அவர் சட்டை.
(ஆஸ்திரேலியா போகிறேன் என்று படகேறினவர்.
சட்டை இருக்கிறது.)
மரிக்கொழுந்துப் பாசி பாறையை லேசில் விடாது.
முங்கி, மூச்சடக்கிப் பிய்க்கவேண்டும்.
வாடையில் பல் கிட்டித்துப்போனவளுக்கு
வத்தைக்காரர் மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.
மருந்து என்றார்.
மருந்துதான். நாலு வருஷத்தில் அளவு கூடிவிட்டது.

விடலாம் என்று ராமநாதபுரம் போனேன்.
போதை வார்டில் பத்துக் கட்டில்,
பத்திலும் ஆண்கள்.
'பொம்பளைக்கு இங்க இடமில்ல, மதுரைக்குப் போ.'
மதுரையில் முப்பது நாள் படுக்க
முகாமில் அனுமதிக் கடிதம்.
கடிதத்தில் காரணம்.
காரணத்தை எழுத்தர் வாசிப்பார்,
பிறகு குழாயடி வாசிக்கும்.
ரோல் காலில் இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும்.
குடித்துவிட்டு வந்து நின்றால் நிற்காது.
மூன்றாம் நாள் கை நடுங்கிற்று.
பையனைக் கூப்பிட்டேன்.

தங்கச்சிமடத்தில் மாதா கோயில் பின்கட்டில்
சனிக்கிழமைக் கூட்டம்.
பதினோரு ஆண்கள். அப்புறம் ஜெசிந்தா.
அவள் சேலைக்கு இருபுறமும் நாற்காலி காலி.
நான் வெளியே, கவிழ்த்துப்போட்ட வள்ளத்தில் சாய்ந்து
மூன்று சனி கேட்டேன்.
ஒவ்வொருவனும் பெண்டாட்டியை அடித்ததைச் சொல்லி அழுதான்.
அழட்டும்.
எனக்கு அந்தக் கதையில் அடிவாங்குகிற இடம்தான் இருந்தது.
நாலாம் சனி ஜெசிந்தா எழுந்து வந்தாள்.
'உள்ள வா. என்னைய ஆம்பளக் கணக்குலதான்
எழுதி வச்சிருக்கானுவ.
நீ வந்தா ரெண்டு பேரு.'

பெயரைச் சொல்லச் சொன்னார்கள்.
அட்டையில் பவளராணி, தகப்பன் பெயர் தப்பாக.
அம்மா கூப்பிட்டது வேறு.
குடிகாரி என்கிற சொல் மட்டும்
நான் இருந்த எல்லாக் கரையிலும் ஒன்று.
அதை முதலில் சொன்னேன்.
'ஒன் பேச்சுலயே பேசு' என்றாள் ஜெசிந்தா.
வரவில்லை.
குடிக்காத வாயில் அதற்கு வழி தெரியவில்லை.

நாற்பத்தொரு நாள்.
பிறகு கார்த்திகைப் புயல், கடலுக்குத் தடை,
தகரக் கூரை இரவெல்லாம் படபடக்க
விழுந்தேன்.
ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை.
கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். உப்பு அதிகம்.
சட்டியை வழித்துத் தின்றோம்.

இன்று ஒன்பது.
அந்தி. வரிசை.
பாசி உலர்த்தின கையோடு நிற்கிறேன்.
'பவளராணி.'
நினைக்காமலே வந்துவிட்டது:
'ஓம்.'

எழுத்தர் தலை நிமிர்ந்தார்.
'குடிச்சிருக்கியா? ஊது.'

ஊதினேன்.
வெற்றிலை, பாசி, மத்தியானத்துக் கருவாடு.

'மறுபடி' என்றார்.

ஊதினேன்.