இருபத்தாறு மில்லிமீட்டர்

யாகுட்ஸ்க், பிப்ரவரி.
வெளியே ஐம்பதுக்குக் கீழே உறைந்த மூட்டம்,
எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை.
உள்ளே நாற்பது தயிர்க் கோப்பைகளில்
வெள்ளரி முளைகள் கழுத்தை நீட்டி
வெளிறிக்கொண்டிருந்தன.

இருப்பது ஒற்றைக் குழல்விளக்கு.
அதிலும் பாதி மேலே போகிறது.
"கூரையில் என்ன நட்டிருக்கிறாய்?" என்றான் கெஸ்கில்.

அச்சகத்தில் எடைக்கு வாங்கிவந்தேன்
பழைய அலுமினியத் தகடுகளை.
ஒரு பக்கம் போன அக்டோபர்ச் செய்தித்தாள்,
மறுபக்கம் வெறும் பளபளப்பு.

முதலில் வளைத்தது பரவளையம்.
பள்ளியில் சொன்னது அதுதான்:
குவியத்தில் விளக்கு, இணையாய்க் கதிர்கள்.
பாடப்புத்தக விளக்கு ஒரு புள்ளி;
என்னுடையதற்கு உடம்பு இருக்கிறது,
இருபத்தாறு மில்லிமீட்டர்ப் பருமன்.
முதுகிலிருந்து கிளம்பிய ஒளி
தகட்டில் முட்டித் திரும்பி
தன் குழலுக்குள்ளேயே புகுந்து
சூடாகிக் கிடந்தது.
துயாரா மருத்துவமனையிலிருந்து இரவல் தந்த ஒளிமானி
உதட்டைப் பிதுக்கியது.

பிறகுதான் நூல்.
தூண்டில் நரம்பு இழுத்தால் நீள்கிறது.
தையல்நூல் முறுக்கவிழ்ந்து ஏமாற்றுகிறது.
பல்லிடுக்கு நூல் சொன்னபடி கேட்டது,
புதினா மணத்தோடு.

ஐந்து ரூபிள் நாணயம் இருபத்தைந்து,
விளிம்பில் ஒட்டுநாடா சுற்றினால் இருபத்தாறு.
மூன்றை அடுக்கி அட்டையில் ஒட்டினேன்.
நூலைச் சுற்றி நுனியில் பென்சில் முடிந்து
தளரவிடாமல் பிரித்தபடியே போக
கை வரையவில்லை, நூல் வரைந்தது.
எந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தாலும்
வட்டை உரசித்தான் போகிறது அது.
கணக்கும் அவ்வளவே:
திரும்பும் கதிர் குழலை உரசலாம்,
உள்ளே நுழையக் கூடாது.

இடப்பக்கம் ஒன்று வரைந்து
நூலை எதிராய்ச் சுற்றி வலப்பக்கம் ஒன்று.
நடுவில், குழலின் முதுகைத் தொடும் ஒரு கூர்.
"மீசை," என்றான் கெஸ்கில்.
அவனுடையதைவிட நல்ல மீசை.

தகடு இரண்டு விரலைக் கிழித்தது.
மூன்றாவது வளைப்பில்தான் படிந்தது.
மானி ஏறியது, நான் கனவு கண்ட அளவுக்கு இல்லை;
ஓரத்துக் கோப்பைகளை இன்னும்
தினமும் இடம் மாற்றுகிறேன்.

நேற்றிரவு அவன் ஸ்டூல் போட்டு ஏறி
தகட்டின் முதுகில் அக்டோபரைத் தேடினான்.
ஆற்றின் பனிப்பாதை பற்றி ஏதோ...
கண்ணை இடுக்கினான், கழுத்தைச் சாய்த்தான்.
"இங்கே ஒரே இருட்டு.
ஒரு எழுத்தும் தெரியவில்லை," என்றான்.

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.