மஞ்சள் பலகையின் கணக்கு

மூன்று கிழமையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள் செனாதா,
சூரிச் ஆஸ்பத்திரிக் குசினியில்
தட்டுகள் நீராவிக்குள் போய் வருகிற பட்டியின் மறுமுனையில் நின்று:
"பிரவுன்வால்டுக்கு வா.
என் ஊரும் அச்சு அசல் அப்படித்தான்.
போஸ்னியாவுக்கு டிக்கெட் எடுத்த காசு உனக்கு மிச்சம்."

உச்சியில் சாமி இல்லாத மலைக்கு
என்னத்துக்கு ஏறுவான் என்று கேட்டேன்.
"பசிக்கிறதுக்கு" என்றாள்.

எங்களுக்குள் ஓடுவது
வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்த ஜெர்மன்.
அதிலும் பகிடி விடுவாள்.

லிந்தாலில் இறங்கி, காது அடைக்க அடைக்க மலைரயில்.
மேலே கார் கிடையாது.
மணி கட்டின மாடுகள்,
என் ஒரு மாதச் சம்பளத்தைக் காலில் போட்டுக்கொண்டு
குச்சி ஊன்றி நடக்கிற கிழவர்கள்.
ஒவ்வொருத்தரும் "க்ரூயெட்ஸி" என்கிறார்கள்,
கீழே டிராமில் பக்கத்து இருக்கையை
பையால் மறைக்கிற அதே ஆட்கள்.

முடக்கில் ஒரு மஞ்சள் பலகை:
ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்.
எத்தனை கிலோமீட்டர் என்று இல்லை.
"யாருடைய காலுக்கு இந்தக் கணக்கு?"
"எங்களுடையதுக்கு இல்லை" என்றாள்,
மூச்சு வாங்க.

நான் நடந்திருக்கிறேன்.
மூட்டையோடு, பிள்ளையோடு, இருட்டோடு.
திரும்பி வருகிற டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு
நடப்பது இதுதான் முதல் தடவை.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தாரிக் முன்னால் ஓடினான். பத்து வயது, இங்கே பிறந்தவன்.
சரிவு முழுக்க ஹைடல்பேரிச் செடி.
பாதையை விட்டு
ஒரே பாய்ச்சலில் உள்ளே இறங்கினான்.

"ஸ்தானி!"

அந்தச் சொல் எனக்குத் தெரியாது.
ஆனால் என் வலது கால்
மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

"மம்மா, பழம்தானே" என்றான் அவன்,
இடுப்பளவு பச்சைக்குள் நின்று.

ஒரு பாறையில் இருந்தோம்.
துவாலையைப் பிரித்தாள்: இறைச்சி வைத்துச் சுருட்டின பீத்தா,
நத்தை ஓடு மாதிரி, நடுவில் இன்னும் சூடு.
போத்தலில் சிவப்பு மிளகாய் அரைத்த அய்வார்.
நான் பாணும் கட்டைச் சம்பலும்.
அய்வாருக்கு உறைப்புக் காணாது என்றேன்.
சம்பலைத் தின்று கண் கலங்கினாள்.
பிறகு
கலங்கின கண்ணோடேயே சொன்னாள்:

வீட்டுக்குப் பின்னால் காடு. காட்டின் வாசலில் சிவப்புப் பலகை.
அவளுடைய பலகையில் இரண்டு எழுத்து,
முகமாலையில் நான் பார்த்ததில் மூன்று மொழி.
மண்டையோடு மட்டும்
ஒரே கை கீறினது போல.

"இப்ப எல்லாம் கிண்டி எடுத்தாச்சு" என்றாள்.
"ஆற்றில் ரப்பர் படகு விடுகிறார்களாம்.
ஜெர்மன்காரர் சைக்கிளோடு வந்து மலை ஏறுகிறார்களாம்.
தம்பி மகன் செவாப்பி சுட்டுப் போட்டுக் கை ஓய்வதில்லை.
வருசாவருசம் நானும் போகிறேன்.
காட்டுக்குள் மட்டும் இன்னும் போனதில்லை."

தூரத்தில் டோடி மலை,
கழுவாத கோப்பையின் விளிம்புபோல் வெள்ளை.
நாங்கள் அதை இரண்டு நிமிடம் பார்த்தோம்.
பிறகு மிச்சப் பீத்தாவைப் பார்த்தோம்.

தாரிக் கீழே இருந்து கூப்பிட்டான்.
நாக்கை நீட்டினான். ஊதா.

செனாதா என் தோளைப் பிடித்தாள்.
பாதையின் ஓரக் கல்லில் ஒரு கால்.
மற்றக் காலை
கொதிக்கிற எண்ணெயை விரலால் பார்ப்பவள்போல
புல்லில் வைத்தாள். எடுத்தாள். வைத்தாள்.
நான் அவள் வைத்த இடத்திலேயே வைத்தேன்.
பழக்கம்.

அந்த ஒரு மணி முப்பத்தைந்துக்கு
எங்களுக்கு நாலு மணித்தியாலம் போனது.
கடைசி மலைரயிலை ஓடித்தான் பிடித்தோம்.

பழம் புளிச்சது.
இன்னும் ஒரு கிழமை விட்டிருக்கலாம்.