பின்னோக்கி ஓடிய புதன்கிழமை

பஃபலோ நகரம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு.
வெளியே ஏரிக்காற்று ஊரையே சவரம் செய்துகொண்டிருந்தது.
கொட்டகைக்குள் நான், என் இயந்திரம்,
கீழே பியானோவில் ஹெஸ்டர்,
நடு வரிசையில் கலோஜெரோ மிஸ்த்ரெட்டாவும்
அவருடைய ஆட்கள் பதினொரு பேரும்.
பன்னிரண்டு டிக்கெட்டும் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள்.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாடு முழுக்க மதுவிலக்கு.
அதாவது, மெதுவாகக் குடிக்க வேண்டும்,
சத்தமாக ஜெபிக்க வேண்டும்.
மிஸ்த்ரெட்டாவின் விஸ்கி கனடாவிலிருந்து
உறைந்த ஏரியின் மேல் சறுக்குவண்டியில் வரும்.
பெட்டிகள் மேல் போர்வை,
போர்வை மேல் இருமுகிற ஒரு கிழவர்.
கிழவருக்கு நாளுக்கு இரண்டு டாலர்,
இருமலுக்குத் தனியாக ஐம்பது சென்ட்.

படத்திலும் அவரைப் போல ஒரு தாதா.
கடைசி ரீலில் சுட்டுவிட்டார்கள்.
தொப்பி உருண்டு சாக்கடையில் விழ,
முற்றும்.

படிகளில் பூட்ஸ் சத்தம்.
நுன்ஸியோ என் அறைக்கதவைத் தட்டவில்லை, கழற்றினான்.
"முதலாளிக்கு முடிவு பிடிக்கலை."
எடுத்து முடித்த படம் ஐயா,
என் கையில் என்ன இருக்கிறது என்றேன்.
அவன் என் கையைப் பார்த்தான்.
கையில் கைப்பிடி இருந்தது.

எதிர்ப்பக்கம் சுற்றினேன்.

சாக்கடை தொப்பியைத் துப்பியது.
செத்தவன் எழுந்தான், கோட்டுகூடக் கசங்காமல்.
ஆறு தோட்டாக்களும், அடி வாங்கிய பிள்ளைகளாக,
துப்பாக்கிக்குள் வீடு திரும்பின.
கொட்டியதை அள்ள முடியாது என்பார்கள்.
மதுவிலக்குக் காவலர்கள் கோடரியை ஓங்க ஓங்க
தெருவெல்லாம் ஓடிய விஸ்கி எழுந்து நடந்து
பீப்பாய்க்குள் போய்ப் படுத்தது;
பிளந்த பலகைகள் கட்டிப்பிடித்துக்கொண்டன.
பதினொரு பேரும் எழுந்து கைதட்டினார்கள்.
டிக்கெட் வாங்காத இன்ஸ்பெக்டர் க்ரோனினும்
கடைசி வரிசையில் தட்டினார்,
பிறகு கைகளைப் பாக்கெட்டில் ஒளித்தார்.

எழுத்தட்டையில் பதில் முதலில் வந்தது: "மாட்டேன்."
பிறகு கேள்வி: "என்னைக் கட்டிக்கொள்வாயா?"
பிறகு அவன் சந்தோஷமாக இருந்தான், அவளைச் சந்திக்காமல்.
ஹெஸ்டர் இருட்டில் பக்கங்களைப் பின்னால் புரட்டிச்
சாவு இசையை வாலிலிருந்து தலைக்கு வாசித்தாள்.
அது கல்யாண வீடு போலக் கேட்டது.
நீதிபதி லஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.
அதை மட்டும் யாரும் நம்பவில்லை.

முதல் காட்சிக்கு வந்துசேர்ந்தோம்.
முடிதிருத்தும் கடை. தாதா அங்கே பதினான்கு வயதுப் பையன்.
துடைப்பத்தால் தரையெங்கும் முடியைப் பரப்புகிறான்.
முடி கற்றை கற்றையாகத் துள்ளி மேலே ஏறுகிறது,
கத்தரிக்கோல் வாய் திறந்து திறந்து நட்டுவைக்கிறது.

மிஸ்த்ரெட்டா எழுந்தார்.
தொப்பியைக் கழற்றினார்.
ஏழு வருடமாக அந்தத் தலையை
அவர் மனைவியே பார்த்ததில்லை என்பது ஊர்ப்பேச்சு.
என் வெளிச்சத்தின் குறுக்கே அது நின்றது,
முழு வழுக்கை, நிழலாகத் திரையின் நடுவில்.
பறந்த முடியெல்லாம் நேராக வந்து
அந்த நிழலில் இறங்கியது.

யாரும் சிரிக்கவில்லை.
சிரிக்காமல் இருக்க நுன்ஸியோ
தன் டையைக் கடித்துக்கொண்டிருந்தான்.
அவர் திரையிலும் தடவிப் பார்க்கவில்லை,
தலையிலும் தடவிப் பார்க்கவில்லை.
"அந்த இடம் மட்டும்," என்றார், "இன்னொரு தரம்."

விடிகாலை இரண்டு மணிவரை சுற்றினேன்.
வெளியே சரக்கோடு காத்திருந்த கிழவர்
நிஜமாகவே இருமத் தொடங்கியிருந்தார்.